பூக்காத ரோஜாவுக்குத் தேவை உரமல்ல, கவாத்து

ஜனவரியில் ஊட்டி அரசு ரோஜா பூங்காவுக்குப் போகிறவர்கள் பூவைப் பார்க்க முடியாது. ஊழியர்கள் கத்தரியோடு பாத்தி பாத்தியாக இறங்கி, செழித்து நிற்கும் செடிகளைக்கூட விடாமல் கவாத்து செய்துகொண்டிருப்பார்கள். ஊட்டி மலர்க் கண்காட்சியின் நூறாவது ஆண்டையொட்டி 1995-இல் உருவான பூங்கா அது. உலக ரோஜா சங்கங்களின் கூட்டமைப்பு 2006-இல் அதற்குச் சிறந்த பூங்கா என்ற விருதைக் கொடுத்தது. ஏப்ரல், மே மாதங்களில் அங்கே பூத்துக் குலுங்குவதெல்லாம் ஜனவரியில் விழுந்த வெட்டின் பலன்.

புதுச்சேரி மொட்டைமாடிகளில் யாரும் இப்படி வெட்டுவதில்லை. லாஸ்பேட்டையிலும் முத்தியால்பேட்டையிலும் நான்கைந்து வயதான ரோஜாச் செடிகள் ஆள் உயரத்துக்கு வளர்ந்து, இலை இலையாகத் தழைத்து நிற்கின்றன. வாங்கிய முதல் வருடம் பூத்ததோடு சரி. வீட்டுக்காரர்களும் சும்மா இருப்பதில்லை. முட்டை ஓடு, டீத்தூள் சக்கை, வாழைப்பழத் தோல், ஊறவைத்த கடலைப் புண்ணாக்கு என்று ஒன்று மாற்றி ஒன்று போட்டுப் பார்க்கிறார்கள். கடைசியில் கைப்பிடி யூரியா. செடி இன்னும் பச்சையாகிறது. மொட்டு மட்டும் வருவதில்லை. சலித்துப்போய் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, தள்ளுவண்டிக்காரரிடம் புதுக்கன்று வாங்குகிறார்கள். நல்ல வேர் பிடித்த செடியைத் தூக்கிப் போடுவது வீண் செலவு மட்டுமல்ல, அந்தச் செடிக்குச் செய்யும் அநியாயமும்கூட.

நம் வீடுகளில் வளரும் ரோஜா வகைகளில் பெரும்பாலானவை புதிதாக வெடிக்கும் கிளையின் நுனியில்தான் மொட்டு வைக்கும். முற்றிய தண்டு இலையைத் தாங்கும், அவ்வளவுதான். தழைச்சத்தை அள்ளிக் கொட்டினால் இலைதான் பெருகும். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையைப் பார்த்தாலே இது விளங்கும்: கவாத்துக்குப் பிறகு நிலத்திலுள்ள ஒரு செடிக்கு 10 கிலோ தொழு உரம், அதோடு தழைச்சத்து 6 கிராம், மணிச்சத்து 12 கிராம், சாம்பல் சத்து 12 கிராம். மற்ற இரண்டில் பாதிதான் தழைச்சத்து. 6 கிராம் தழைச்சத்துக்கு 13 கிராம் யூரியா போதும். தொட்டிச் செடிக்கு அதுவும் அதிகம். கைப்பிடிக் கணக்கு எவ்வளவு தவறு என்று சொல்ல வேண்டியதில்லை.

எப்போது வெட்டுவது என்பதில்தான் புதுச்சேரி கவனமாக இருக்க வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கவாத்துக்காலம் என்பது பல்கலைக்கழகத்தின் பொதுவான கணக்கு. ஆனால் இந்த ஊரின் மழை பெரும்பாலும் அந்த மூன்று மாதத்தில்தான் கொட்டுகிறது. அடைமழையில் வெட்டிய காயம் ஆறாது; நுனியில் தொடங்கும் கருகல் தண்டு வழியாகக் கீழே இறங்கி முழுக் கிளையையும் கொன்றுவிடும். மழை ஓய்ந்து வெயில் தலைகாட்டும் டிசம்பர் பிற்பகுதிதான் இங்கே பொருத்தமான நேரம். காய்ந்தது, நோய்ப்பட்டது, மெலிந்தது, ஒன்றோடொன்று உரசுவது எல்லாவற்றையும் அடியோடு எடுத்துவிட்டு, போன பருவத்தில் வளர்ந்த வலுவான கிளைகளைப் பாதியாகக் குறைக்க வேண்டும். வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குச் சற்று மேலே, சாய்வாக, கூரான கத்தரியால் ஒரே வெட்டு. பழைய பிளேடும் அடுப்படிக் கத்தியும் தண்டை நசுக்கிவிடும்.

வெட்டுவாயில் போர்டோ பசை தடவுவது நல்லது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த இந்த மருந்து பிரான்சின் திராட்சைத் தோட்டங்களில் பிறந்தது. வழிப்போக்கர்கள் பழத்தைப் பறிக்காமலிருக்க, சாலையோரக் கொடிகளில் விவசாயிகள் இந்தக் கலவையைப் பூசிவைத்தார்கள். அந்தக் கொடிகளில் மட்டும் பூஞ்சை நோய் வராததைக் கவனித்த மில்லர்தே என்ற தாவரவியலாளர் 1885-இல் அதை உலகுக்கு எடுத்துச் சொன்னார்.

கவாத்து செய்த செடி ஏறக்குறைய ஒன்றரை மாதத்தில் பூக்கும். பூ வாடியதும் அதை விதைக்காயாக முற்ற விடாமல், ஐந்து சிற்றிலை கொண்ட இலை வரை கீழே இறங்கி வெட்டிவிட வேண்டும். காய் முற்றினால் செடியின் சத்து விதைக்குப் போய்விடும், அடுத்த மொட்டு தாமதமாகும். பூவை வெட்ட மனம் வராதவர்கள் வீட்டில்தான் செடி சீக்கிரம் ஓய்ந்துபோகிறது.

கவாத்தும் செய்து, உரத்தையும் அளவோடு வைத்து, அப்போதும் பூக்கவில்லை என்றால் வெயிலைப் பார்க்க வேண்டும். தினமும் ஆறு மணி நேரம் நேர்வெயில் படாத ரோஜா பூக்கத் தயங்கும். பக்கத்து மனையில் மூன்று மாடி எழும்பியதிலிருந்து பூக்காமல் போன செடிகள் இந்த ஊரில் எத்தனையோ. ரெயின்போ நகர் போல மழைநீர் தேங்கும் இடங்களில் வேர் அழுகலையும் சேர்த்துக்கொள்ளலாம்.

தண்ணீரைத்தான் பலரும் சந்தேகிப்பதில்லை. கடலோர ஊரான புதுச்சேரியில் ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் உப்பு ஏறிக்கொண்டிருக்கிறது. அதனால் வீட்டுக்கு வீடு ஆர்.ஓ. இயந்திரம். அது ஒரு குடம் நல்ல தண்ணீர் தர இரண்டு மூன்று குடம் கழிவுநீரை வெளியே தள்ளுகிறது. அதை வீணாக்கக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் செடிக்கு ஊற்றுகிறார்கள். நீக்கப்பட்ட உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது; ரோஜாவோ உப்பைத் தாங்காத செடி. இலை விளிம்பு கருகுவதும் தொட்டி ஓரத்தில் வெள்ளை படிவதும் அதன் அடையாளங்கள். அந்த நீர் வாசல் கழுவவும் தரை துடைக்கவும் உதவட்டும். ரோஜாவுக்கு மழைநீரைப் பிடித்துவைத்து ஊற்றலாம்.

இன்னொன்றும் உண்டு. ஓசூரிலிருந்தும் ஆந்திரத்துக் கடியத்திலிருந்தும் வருபவை பெரும்பாலும் ஒட்டுக்கன்றுகள். ஒட்டுக்குக் கீழே வேர்ச்செடியிலிருந்து கிளம்பும் துளிரை விட்டுவைத்தால், அது சில மாதங்களில் செடியையே விழுங்கிவிடும். அதை அடியோடு கிள்ளி எறிய வேண்டும்.

புதிதாக வாங்குகிறவர்கள் எட்வர்டு ரோஜாவை வைக்கலாம். மாலைக்கும் உதிரிப்பூவுக்கும் தமிழ்நாட்டு வயல்களில் விளையும் இளஞ்சிவப்பு ரோஜா அது. இன்றைக்கு ரீயூனியன் எனப்படும் பழைய பூர்போன் தீவில், சீன ரோஜாவும் டமாஸ்க் ரோஜாவும் கலந்து உண்டான இனம். பிரெஞ்சுக்காரர்களின் அந்தத் தீவும் புதுச்சேரியும் ஒரே கடல்வழியில் இருந்தவை. அரவிந்தர் ஆசிரமத்து அன்னை பூக்களுக்கு ஆன்மிகப் பொருள் சூட்டியபோது, இந்தப் பூவுக்குச் சரணாகதி என்று பெயரிட்டார். வெக்கையிலும் மணத்தோடு பூக்கும் இதை விட்டுவிட்டு, ஊட்டிக் குளிரில் பார்த்த பெரிய பூவை இங்கே எதிர்பார்ப்பது சரியல்ல.

1826-இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவில் புதுச்சேரி வேளாண் துறை மலர்க் கண்காட்சி நடத்துகிறது. ஆயிரக்கணக்கானோர் திரண்டு வந்து பார்த்துவிட்டு, திரும்பும்போது கன்று வாங்கிச் செல்கிறார்கள். அதே துறை டிசம்பர் கடைசி வாரத்தில் அதே பூங்காவில் ஒரு நாள் கவாத்துப் பயிற்சி நடத்த வேண்டும். குரும்பாப்பேட்டில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. காரைக்காலில் வேளாண் கல்லூரி இருக்கிறது. மாணவர்கள் கத்தரியும் போர்டோ பசையும் கொண்டுவந்து செய்து காட்டட்டும். மக்கள் தங்கள் வீட்டுத் தொட்டியையே தூக்கிக்கொண்டு வரட்டும். அன்று வெட்டிய செடிகள் பிப்ரவரியில் பூக்கும். புது ரகங்களுக்குப் பரிசு கொடுப்பது போல, ஐந்து வயதைத் தாண்டியும் பூக்கிற வீட்டுச் செடிக்கும் கண்காட்சியில் தனியாக ஒரு பரிசு வைக்கலாம்.