பொது வண்டியும் பொது வாழ்வும்

திட்டக்குடி, வெள்ளாற்றின் வடகரையில் அமைந்த ஊர். எம்மூரில் புகைவண்டி நிலையம் இல்லை. பேருந்தில் விருத்தாசலம் சென்றால், அங்கிருந்து நெடுந்தொலைவுக்குப் புகைவண்டியில் செல்லலாம். அவ்விருத்தாசலத்திற்கு விருத்தகாசி என்னும் பெயரும் உண்டு. “அருகில் ஒரு காசி இருக்க, தொலைவிலுள்ள காசிக்குச் செல்வது எதற்கு?” என்று எம்மூர்ப் பெரியோர் சிலர் கேட்பர். அவ்வினாவிற்குரிய விடை காசியில் இல்லை. காசிக்குச் செல்லும் வழியில் இருக்கிறது என்பது என் கருத்து.

நம் நாடு வடக்குத் தெற்காக 3,214 கிலோமீட்டரும், கிழக்கு மேற்காக 2,933 கிலோமீட்டரும் பரந்தது. இப்பெருநிலத்தை இன்று வானூர்தியில் சில மணி நேரத்தில் கடந்துவிடலாம். விரைவு வேண்டிய இடத்தில் விரைவு நன்றே. ஆயினும், நிலத்தைக் கடப்பது வேறு. அந்நிலத்து மக்களை அறிவது வேறு. பின்னதற்கு, அம்மக்கள் ஏறும் வண்டியில் நாமும் ஏறுதல் வேண்டும்.

இவ்வுண்மையைத் தம் வாழ்வில் கண்டவர் காந்தியடிகள். 1901ஆம் ஆண்டின் இறுதியில் அவர் கல்கத்தாக் காங்கிரசிற்கு வந்தார். பின்னர்க் கோகலேயுடன் ஒரு திங்கள் தங்கினார். 1902ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நாட்டின் கீழைப் பகுதியிலிருந்து மேலைப் பகுதியிலுள்ள இராஜ்கோட்டிற்கு மூன்றாம் வகுப்பிலேயே செல்லத் துணிந்தார். அதனைக் கேட்ட கோகலே முதலில் நகைத்தார். நோக்கம் அறிந்தபின் மகிழ்ந்தார். இனிப்பு உருண்டையும் பூரியும் நிரப்பிய பெட்டி ஒன்றை அளித்து, நிலையத்திற்கே வந்து வழியனுப்பினார். காசி, ஆக்ரா, ஜெய்ப்பூர், பாலன்பூர் ஆகிய ஊர்களில் ஒவ்வொரு நாள் தங்கிச் சென்ற அப்பயணத்திற்கு, வண்டிக் கட்டணம் உட்பட, 31 ரூபாய்க்கு மேல் செலவாகவில்லை.

அடிகள் அப்பயணத்தில் இன்பம் மட்டுமா கண்டார்? இல்லை. நெருக்கடியைக் கண்டார், அழுக்கைக் கண்டார், அதிகாரிகளின் புறக்கணிப்பையும், பயணிகளின் தூய்மையற்ற பழக்கங்களையும் கண்டார். 1917ஆம் ஆண்டில் பம்பாயிலிருந்து சென்னைக்கு அவர் வந்த பெட்டி, 22 பேருக்கு உரியது. வழியின் பெரும்பகுதியில் அதில் 35 பேர் வரை இருந்தனர். இதனை அவர் பொறுத்துக்கொண்டு வாளா இருந்தாரல்லர், நாடறிய எழுதினார். கற்றவர்கள் மூன்றாம் வகுப்பில் செல்லவேண்டும். மக்களின் பழக்கங்களைத் திருத்தவேண்டும். குறைகளை அதிகாரிகளிடம் ஓயாது முறையிடவேண்டும் என்பது அவர் கூறிய வழி.

யானும் 1985ஆம் ஆண்டில் காசிக்குச் சென்றேன். முன்பதிவு செய்யவில்லை. சென்னையிலிருந்து விசயவாடா, நாகபுரி என்று வண்டி மாறி மாறிச் சென்றேன். பிறர் கையுணவு கொள்ளலாகாது என்னும் வழக்கத்தில் வளர்ந்தவன் யான். கையில் கொண்டு சென்ற அவல், இட்டார்சியை அடையும் முன்னரே தீர்ந்துவிட்டது. எதிரில் இருந்த உழவர்குல மூதாட்டி ஒருத்தி, என் பசியை எவ்வாறோ உணர்ந்து, இரண்டு ரொட்டிகளையும் ஒரு வெங்காயத்தையும் நீட்டினாள்.

கணியன் பூங்குன்றனார் பாடலை யான் ஆசிரியரிடம் பாடங்கேட்டு மனப்பாடம் செய்திருந்தேன். ஆயினும், மனத்தில் இருந்த பாட்டு என் கைக்கு வரவில்லை. கை எழ மறுத்தது. யான் நாணுகிறேன் என்று அவள் எண்ணினாள்போலும். ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்துத் தான் உண்டு காட்டி, மீண்டும் நீட்டினாள். வாங்கி உண்டேன். எம்மூராயின், கொடுப்பவர் யார், எக்குலத்தார் என்று உசாவியிருப்பேன். அங்கே உசாவ எனக்கு மொழி தெரியாது. அந்த அறியாமையே அன்று எனக்கு அறிவாயிற்று. நூல்கள் பல ஆண்டுகள் கற்பித்தும் என்னிடம் படியாத பாடத்தை, எழுத்தறியாத அம்மூதாட்டி ஒரு வேளையில் படிய வைத்தாள்.

மாணவர்களே! பொது வண்டியில் துன்பமே இல்லை என்று யான் கூறவில்லை. மூன்றாம் வகுப்பு என்னும் பெயர் 1974ஆம் ஆண்டில் நீங்கியது. நெருக்கடி இன்னும் நீங்கவில்லை. ‘நெருக்கடி மிக்க வண்டியில் நாம் ஏன் செல்லவேண்டும்? வசதி உடையோர் தனி வண்டியில் செல்வதில் குற்றம் என்ன?’ என்று நீங்கள் கேட்கலாம். குற்றம் இல்லை, இழப்பு உண்டு. கற்றவரும் செல்வரும் பொது வண்டியை விட்டு இறங்கிவிட்டால், அதன் குறைகளை எடுத்துரைப்பார் யார்? எஞ்சியோர் வாய் திறந்தாலும் கேட்பார் யார்? மேலும், தம் நாட்டு மக்களின் தோளோடு தோள் சேர்ந்து இருந்தறியாதவர், அவர்கட்கு உழைப்பதும் அரிது.

நாளை நீங்கள் பொருளீட்டுவீர்கள், மகிழுந்தும் வாங்குவீர்கள். வாங்குங்கள். ஆயினும், ஆண்டிற்கு ஒரு முறையேனும் பொது வண்டியில் நெடுவழி செல்லுங்கள். முதியோர்க்கு இடம் கொடுங்கள். வண்டியில் குப்பை இடாதீர்கள். குறை கண்டால் முறையிடுங்கள். பக்கத்தில் இருப்பவர் அன்போடு உணவு நீட்டினால், என்னைப்போல் கை தாழ்த்தாதீர்கள்.