ரஹ்மான் தானே பாடிய பாடல்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

ஏ.ஆர். ரஹ்மான் என்றதும் நாம் 'ரோஜா'வில் தொடங்கி ஒஸ்காரில் முடித்துவிடுவோம். 1992இல் முதல் படத்துக்கே தேசிய விருது, 2009இல் ஒரே இரவில் இரண்டு ஒஸ்கார். எல்லோருக்கும் தெரிந்த கதை. என்னிடம் வேறொரு வேண்டுகோள் இருக்கிறது. அவருடைய அல்பங்களில் அவரே பாடிய பாடல்களை மட்டும் பொறுக்கியெடுத்து வரிசையாகக் கேட்டுப் பாருங்கள்.

எஸ்.பி.பி., ஹரிஹரன், சித்ரா என்று எந்தக் குரலும் அவருக்குக் கிடைத்தது. அவற்றுக்கு முன்னால் அவருடைய குரல் சாதாரணம்தான். மேலே போகும்போது கொஞ்சம் கிழியும். அப்படியிருந்தும் சில பாடல்களை அவர் யாருக்கும் கொடுப்பதில்லை. 'பம்பாய்', 'காதல் தேசம்' காலத்தில் அவை துள்ளல் பாட்டுகளாக இருந்தன. 1997இல், இந்திய சுதந்திரத்தின் 50ஆம் ஆண்டுக்கு, சினிமாவுக்கு வெளியே 'வந்தே மாதரம்' அல்பத்தைச் செய்தார். அதற்குப் பிறகு பிரார்த்தனை, பிரிவு, சமாதானம் என்று வரும் இடங்களில் அடிக்கடி அவரே மைக்குக்கு முன்னால் வந்து நிற்கிறார்.

மூன்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்தின் 'வெள்ளைப் பூக்கள்'. எழுதியவர் வைரமுத்து. நம் நாட்டு யுத்தத்தைப் பற்றிய படம் அது. வந்தது 2002 பெப்ரவரியில். அதே மாதம்தான் இங்கே யுத்தநிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்தானது. அந்தப் பாட்டில் கோபமே இல்லை. தூங்கும் பிள்ளையை எழுப்பிவிடாமல் பாடுவது போன்ற குரல். 2018 மார்ச்சில் திகனயிலும் தெல்தெனியவிலும் நம் கடைகளும் வீடுகளும் எரிந்த நாட்களில் அந்தப் பாட்டு வேறு மாதிரிக் கேட்டது.

இரண்டாவது, 'ரங் தே பஸந்தி' (2006) படத்தில் லதா மங்கேஷ்கரோடு பாடிய 'லுகா சுப்பி'. மகனை இழந்த தாய் லதா. மகனின் பக்கத்தை ரஹ்மான் பாடுகிறார். ஹிந்தி தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கேளுங்கள்.

மூன்றாவது, 'ஜோதா அக்பர்' (2008) படத்தின் 'க்வாஜா மேரே க்வாஜா'. அஜ்மீர் க்வாஜா முஈனுத்தீன் சிஷ்தி அவர்களை நினைந்து பாடியது. ராத்திபு மஜ்லிஸையும் பக்கீர் பைத்தையும் கேட்டு வளர்ந்த காதுகளுக்கு அந்தக் கைதட்டலும் கூட்டுக்குரலும் சொந்த வீடு மாதிரி. அங்கே அவர் தன் குரலைக் காட்டவே இல்லை, கூட்டத்தில் ஒருவராக நிற்கிறார்.

இனி, சிலருக்குக் கசக்கக்கூடிய விடயத்துக்கு வருகிறேன்.

இசை கூடுமா கூடாதா என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆலிம் அல்ல. பேணுதலுக்காக விலகி இருப்பவர்களை மதிக்கிறேன். ஆனால் ஒஸ்கார் மேடையில் அவர் தமிழில் 'எல்லாப் புகழும் இறைவனுக்கே' என்றபோது அக்குறணையிலும் மடவளையிலும் கண்டி டவுனிலும் 'நம்ம ஆள்' என்று மார்தட்டினோமா இல்லையா? அப்படியானால் ஒரு கேள்வி. நம் வகுப்பறையில் ஒரு ரஹ்மான் இருந்தால் அவனுக்கு நாம் என்ன செய்கிறோம்?

அவருக்கு ஒன்பது வயதில் வாப்பா மௌத்தானார். வாப்பா விட்டுப்போன வாத்தியங்களை வாடகைக்குக் கொடுத்துக் குடும்பம் சீவித்தது. பிள்ளையிடம் என்ன இருக்கிறது என்று கண்டவர் உம்மா. அவர் இல்லையென்றால் நாம் பெருமைப்பட ஒன்றும் இருந்திருக்காது. ரஹ்மானும் அதை மறக்கவில்லை. 2008இல் சென்னையில் ஓர் இசைக் கல்லூரியையே தொடங்கினார்.

நாம் மீலாத் விழா வந்தால் கஸீதா பாட ஒரு பிள்ளையைத் தேடிப் பிடிக்கிறோம். விழா முடிந்ததும் அந்தக் குரல் நமக்குத் தேவையில்லை. அழகியல் பாடத்துக்கு நம் பாடசாலைகள் பலவற்றில் சித்திரம் மட்டும்தான். பிறகு அதே பிள்ளை காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, நல்லது கெட்டது சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல், கிடைத்ததையெல்லாம் கேட்கிறது. அப்போது 'இந்தக் காலத்துப் பிள்ளைகள்' என்று ஏசுகிறோம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வாத்தியம் வேண்டாம் என்றால் வேண்டாம். கிழமைக்கு ஒரு பாடவேளை, ஒரு றபான், நல்ல தமிழில் நாலு கீதங்கள், குரலைப் பழக்கத் தெரிந்த ஒருவர் போதும். பெற்றோரும் பள்ளி நிர்வாகமும் பழைய மாணவர் சங்கமும் மனம் வைத்தால் அடுத்த தவணையிலேயே தொடங்கலாம்.

அதே ஒஸ்கார் மேடையில் அவர் இன்னொன்றும் சொன்னார். தன் முன்னால் எப்போதும் வெறுப்பும் அன்பும் இருந்தன, தான் அன்பைத் தெரிவு செய்தேன் என்று. சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே பஸ்ஸில் போய்வரும் நம் ஊரில் அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு நல்ல பாட்டு நிச்சயம் உதவும்.

ரஹ்மான் பாடியவற்றில் உங்களுக்குப் பிடித்தது எது? கீழே எழுதுங்கள். எனக்கு மறுப்புச் சொல்பவர்களும் எழுதுங்கள், ஆனால் அதபோடு.