நிலம் போனது, வீடு நின்றது

மன்ஹாட்டன் தீவின் வடகோடியில், பிராட்வேயும் 204ஆம் தெருவும் சேரும் முக்கில், அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு நடுவே ஒரு பழைய வீடு மேட்டின் மீது நிற்கிறது. சாலையைப் பின்னாளில் வெட்டித் தாழ்த்திவிட்டதால் வீட்டுக்குப் படியேறித்தான் போகவேண்டும். சுவரில் பாதி காட்டுக்கல், கொஞ்சம் செங்கல், மிச்சம் வெள்ளையடித்த மரப்பலகை. முன்னால் நீளமான திண்ணை. கூரை ஒவ்வொரு பக்கமும் இரண்டு சரிவாக மடிந்து, கீழ்ச்சரிவு திண்ணைக்கு மேலே வளைந்து இறங்குகிறது. இதுதான் டைக்மன் பண்ணைவீட்டு அருங்காட்சியகம். இந்தப் பண்ணையின் பரப்பு ஒரு காலத்தில் 250 ஏக்கர். இன்று எஞ்சியது ஏறத்தாழ அரை ஏக்கர்.

‘டச்சுக் குடியேற்றக்கால வீடு’ என்றே எல்லோரும் இதைச் சொல்கிறார்கள். ஆனால் வீடு கட்டப்பட்டது 1784 வாக்கில். டச்சுக்காரர்கள் இந்த ஊரை ஆங்கிலேயரிடம் இழந்து 120 ஆண்டுகள் ஓடிவிட்டிருந்தன. ஆங்கிலேயரே மூட்டை கட்டிக்கொண்டு போய் ஓராண்டாகியிருந்தது. குடும்பத்தின் முன்னோரான யான் டைக்மன் 1660களில் இங்கு வந்தார். அவருடைய சொந்த ஊரான பெந்தைம் இன்றைய ஜெர்மனியில் இருக்கிறது. ஆக, ஆட்சி போன பிறகும் அதன் கட்டட வழக்கம் போகவில்லை. பக்கத்துப் பண்ணைக்காரர் எப்படிக் கட்டினாரோ, தாத்தா எப்படிக் கட்டினாரோ அப்படியே பேரனும் கட்டினார்.

அந்தப் பேரன் வில்லியம் டைக்மன். சுதந்திரப் போரின்போது மன்ஹாட்டன் ஆங்கிலேயர் கையில் இருந்த ஏழாண்டும் குடும்பம் ஊரைவிட்டு வடக்கே போய்விட்டது. திரும்பி வந்தபோது பழைய வீடு இல்லை, பழத்தோட்டமும் இல்லை. புதிய வீட்டை கிங்ஸ்பிரிட்ஜ் சாலையோரமாகக் கட்டினார்கள். நகரத்துக்குப் போகும் சரக்கும் கால்நடையும் அந்த வழியாகத்தான் போயாக வேண்டும். வில்லியம் 1787இல் இறந்தார். மகன் ஜேக்கபஸ் காலத்தில் பண்ணை செழித்தது.

பிறகு நடந்தது, எந்தப் பெருநகரத்தின் விளிம்பிலும் நடக்கிற கதை. 1868 வாக்கில் வீடு கைமாறியது, வாடகைக்குப் போனது. 1906இல் சுரங்க ரயில் பாதை டைக்மன் தெருவை எட்டியது. அதற்குப் பிறகு உருளைக்கிழங்கு விளையும் நிலத்தை யார் உருளைக்கிழங்குக்காக வைத்திருப்பார்கள்? வயல்கள் மனைகளாயின. வீடு ஒழுகத் தொடங்கியது. இடித்துவிட்டு அடுக்குமாடி எழுப்ப வேண்டியதுதான் பாக்கி.

1915இல் இரண்டு சகோதரிகள் குறுக்கே வந்தார்கள்: மேரி ஆலிஸ் டீன், ஃபேனி ஃபிரெடரிக்கா வெல்ச். அந்த வீட்டில் வளர்ந்த கடைசி டைக்மனின் மகள்கள். அந்தக் கடைசி டைக்மன் பிறப்பால் ஒரு ஸ்மித்; சொத்துக்கு வாரிசாவதற்காகக் குடும்பப் பெயரை ஏற்றுக்கொண்டவர். பெயரைக் காப்பாற்றுவதில் இந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு அக்கறை என்பதற்கு வேறு சான்று வேண்டாம். சகோதரிகள் வீட்டை விலைக்கு வாங்கினார்கள். ஃபேனியின் கணவர் அலெக்ஸாண்டர் வெல்ச் கட்டடக் கலைஞர், பழுதுபார்த்தது அவர். மேரி ஆலிஸின் கணவர் பாஷ்ஃபோர்ட் டீன் அதைவிட விநோதமான மனிதர். மீன்களை ஆராய்ந்த விலங்கியலாளர். அதோடு மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் பழைய கவசங்களுக்கும் ஆயுதங்களுக்கும் பொறுப்பாளர். இந்த நால்வரும் வீட்டுக்கு அறைகலன்கள் தேடிச் சேர்த்து, 1916இல் நகராட்சிக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் அருங்காட்சியகம் திறந்தது.

அவர்கள் செய்ததைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். வீடு 1868க்கும் 1915க்கும் இடையே வாடகை வீடாக இருந்த காலத்தின் தடயங்களை அவர்கள் பாதுகாக்கவில்லை. தங்கள் மூதாதையர் வாழ்ந்ததாக அவர்கள் எண்ணிய நேர்த்தியான, அமைதியான வீடொன்றை உருவாக்கினார்கள். அமெரிக்கா முழுவதும் பணக்காரக் குடும்பங்கள் தொடக்ககால வாழ்க்கையை மெச்சிக்கொண்டிருந்த காலம் அது. கப்பல் கப்பலாகப் புதியவர்கள் வந்திறங்கியபோது, முதலில் வந்தவர்கள் நாங்கள் என்று நினைவூட்டும் ஆசையும் அந்த மெச்சலில் இருந்தது. பின்தோட்டத்தில் உள்ள சிறு குடிசை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. போர்க்காலத்தில் ஆங்கிலேயருக்காகச் சண்டையிட்ட ஹெஸ்ஸியக் கூலிப்படையினர் இந்த நிலத்தில் குடிசை போட்டுத் தங்கியிருந்தார்கள். ரெஜினால்ட் போல்ட்டன், வில்லியம் கால்வர் என்ற ஆர்வலர்கள் அவற்றின் அடித்தளங்களைத் தோண்டிச் சீருடைப் பொத்தான்களும் குண்டுகளும் எடுத்தார்கள். அந்தக் குடிசைகளுள் ஒன்றைத் தோட்டத்தில் மறுபடி எழுப்பிக் காட்டினார்கள். கூலிப்படையின் பொத்தானுக்கு வீட்டுக்குள்ளேயே ஓர் அறை கிடைத்தது.

பண்ணையில் வேலை செய்தவர்களுக்கு எந்த அறை கிடைத்தது?

ஹட்சன் பள்ளத்தாக்கிலும் லாங் ஐலண்டிலும் டச்சு வழிப் பண்ணைகள் அடிமைகளின் உழைப்பில் நடந்தன. அமெரிக்க அடிமைமுறை என்றால் தெற்கே பருத்திக்காடு என்று மட்டும் நினைப்பவர்கள் ஓர் எண்ணைக் கவனிக்கலாம். 1790ஆம் ஆண்டின் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், இன்றைய புரூக்ளின் அடங்கிய கிங்ஸ் கவுண்டியின் மக்கள் 4,495 பேர். அவர்களில் 1,432 பேர் அடிமைகள். கிட்டத்தட்ட மூவரில் ஒருவர். நியூயார்க் மாநிலம் படிப்படியான விடுதலைக்கு 1799இல்தான் சட்டம் போட்டது. முழு விடுதலைக்கு 1827 ஜூலை 4 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. டைக்மன் வீட்டிலும் 1820 கணக்கெடுப்பில் அடிமையும் விடுதலை பெற்ற கறுப்பினத்தவரும் ஒரே கூரையின் கீழ் பதிவாகியிருக்கிறார்கள். நிலவறை அடுப்படியில் குளிர்காலமெல்லாம் புகையில் நின்றவர்கள் யார் என்பதை அந்தப் பதிவிலிருந்து ஊகிக்கத்தான் முடியும்.

1903இல், வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், பத்தாம் அவென்யூ, 212ஆம் தெருப் பக்கம் சாலை போட மேட்டை வெட்டினார்கள். பெயர் பொறிக்காத கற்களின் அடியிலிருந்து எலும்புகள் வெளிவந்தன. அடிமைகளைப் புதைத்த இடம் அது. எலும்புகள் வேடிக்கைப் பொருளாகின. சாலை வேலை தொடர்ந்தது. பதின்மூன்று ஆண்டு கழித்து அதே சுற்றுவட்டாரத்தில் எசமானர்களின் வீடு மேசை நாற்காலியோடு அருங்காட்சியகமாகிறது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், எது எஞ்சும் என்பதைக் காலம் தீர்மானிக்கவில்லை, வாரிசும் காசும் இருந்தவர்கள் தீர்மானித்தார்கள் என்று புரிகிறது.

புரூக்ளினில் உள்ள மற்ற பண்ணைவீடுகளும் இதையே வேறு வேறு விதமாகச் சொல்கின்றன. லெஃபர்ட்ஸ் வீட்டை 1918இல் அப்படியே பெயர்த்துப் பிராஸ்பெக்ட் பூங்காவுக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். 1670களைச் சேர்ந்த யான் மார்ட்டென்ஸ் ஷெங்க் வீட்டை 1952இல் மரம் மரமாகக் கழற்றி, பிற்பாடு புரூக்ளின் அருங்காட்சியகத்தின் கூடத்துக்குள்ளே நிறுத்தினார்கள். வீடு மழையிலிருந்து தப்பித்தது. ஆனால் காட்சிக்கூடத்தில் ஒரு பெட்டியாகிவிட்டது. எந்தத் திசையில் வயல், எந்தப் பக்கம் ஓடை என்று கேட்க வழியில்லை.

வைக்கோஃப் வீடு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. 1652 வாக்கில் ஓர் அறையும் மண்தரையுமாகத் தொடங்கிய வீடு. நகரத்தில் இன்று நிற்கும் கட்டடங்களில் மிகப் பழையது என்று கருதப்படுவது. 1637இல் பதின்வயதில் ஒப்பந்தக் கூலியாக வந்திறங்கிய பீட்டர் கிளாசன் இதில் குடியிருந்து, நிலக்கிழாராகி, பதினொரு பிள்ளைகளைப் பெற்றார்.   

பென்சில்வேனியா ரயில் நிலையத்தை 1963இல் இடிக்கத் தொடங்கியபோது எழுந்த கொதிப்பில், நியூயார்க் நகரம் 1965இல் தொல்சின்னப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் முதலில் அறிவிக்கப்பட்ட கட்டடம் வைக்கோஃப் வீடு. டைக்மன் வீட்டுக்கு 1967இல் அந்தத் தகுதி கிடைத்தது. கட்டடம் நகராட்சியின் சொத்து. காட்சிகளையும் நிகழ்ச்சிகளையும் நடத்துவது தனி அறக்கட்டளை. இரண்டுக்கும் நடுவே 1989இல் வரலாற்று வீடுகளுக்கான அறக்கட்டளை ஒன்றும் சேர்ந்தது. ஏற்பாடு மோசமில்லை. ஆனாலும் மரக்கூரைக்குச் செலவு ஓயாது. ஒரு பக்கம் பலகை மாற்றி முடிப்பதற்குள் மறுபக்கம் உளுத்துவிடும். கூரைக்கே காசு போதாதபோது ஆய்வுக்கு யார் ஒதுக்குவார்கள் என்பது எல்லாச் சிறு அருங்காட்சியகங்களின் தலைவலி.

இருந்தும் கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் போக்கு மாறியிருக்கிறது. டைக்மன் அருங்காட்சியகம் தன் நிலத்தில் அடிமைகளாக உழைத்தவர்களைத் தேடும் பணியைத் தொடங்கியது. இன்றைய கலைஞர்களை அழைத்து அதே அறைகளில் அந்த உழைப்பாளிகளைப் பற்றிய படைப்புகளை வைக்கச் சொல்கிறது. லெஃபர்ட்ஸ் வீடும் அதே வழியில் போகிறது. வைக்கோஃப் தோட்டத்தில் அக்கம்பக்கத்தாருக்காகக் காய்கறி விளைகிறது. பழைய வீட்டில் அரசியல் எதற்கு என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. 1916இல் நால்வர் கூடி மூதாதையரை அலங்கரித்ததும் ஒரு நிலைப்பாடுதானே?

இன்னொரு தரப்பு எதிர்ப்பக்கம் போய், அந்த நால்வரின் ஒப்பனைகளை உரித்து எறிய வேண்டும் என்கிறது. அதுவும் சரியல்ல. வெல்ச்சின் வேலை இப்போது நூறாண்டைக் கடந்த சான்று. 1784ஐப் பற்றி அது சொல்வது குறைவு, 1916ஐப் பற்றிச் சொல்வது ஏராளம். அதை விட்டுவைத்து, யார் எப்போது ஏன் இப்படி வைத்தார்கள் என்று பக்கத்தில் எழுதிவைப்பதே உருப்படியான வழி.

1991இல் கீழ் மன்ஹாட்டனில் அரசு அலுவலகத்துக்கு அடித்தளம் தோண்டியபோது ஆப்பிரிக்கர்களின் இடுகாடு வெளிப்பட்டது. நானூறுக்கும் மேற்பட்டோரின் எலும்புகள். இம்முறை ஊர் திரண்டது. கட்டடத் திட்டம் மாறியது. எலும்புகள் 2003இல் மரியாதையோடு மறுபடி அடக்கம் செய்யப்பட்டன. 2006இல் அந்த இடம் தேசிய நினைவுச் சின்னமாயிற்று. 212ஆம் தெருவில் அப்படி மீட்க மண்ணில் அதிகம் மிஞ்சியிராது. அங்கே எஞ்சியிருப்பது காகிதம்: கணக்கெடுப்புப் பட்டியல்கள், தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடுகள், கலப்பைக்கும் பசுவுக்கும் அடுத்த வரியில் மனிதர்களை விலையோடு குறித்த உயில்கள். அடுத்த நன்கொடை வரும்போது இன்னொரு பழைய நாற்காலி வாங்குவதை விட்டு, இந்தத் தாள்களைப் படித்துப் பெயர்களைக் கண்டெடுக்க ஆள் வைக்கலாம்.