வார்டன் போட்ட கையெழுத்து

ஏழைகள் தாமாக முன்வந்து ஆராய்ச்சிக்கு உடம்பைக் கொடுத்தார்கள் என்று எவராவது சொன்னால், முதலில் ஒப்புதல் படிவத்தைக் கேளுங்கள். கையெழுத்து யாருடையது என்று பாருங்கள்.

2009-ல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் 10 முதல் 14 வயது வரையிலான பல்லாயிரம் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடப்பட்டது. விடுதிகளில் தங்கிப் படித்த ஆதிவாசிப் பிள்ளைகள் அதில் ஏராளம். நடத்தியது ‘பாத்’ என்ற அமெரிக்க நிறுவனம். கூட நின்றது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில். ஆந்திரத்திலும் குஜராத்திலுமாக ஏழு பிள்ளைகள் செத்தார்கள். எதிர்ப்புக் கிளம்பி 2010 ஏப்ரலில் திட்டம் நின்றது.

சாவுக்கு ஊசி காரணமல்ல என்றது அரசு அமைத்த விசாரணைக் குழு. இருக்கட்டும். நான் தடுப்பூசிக்கு எதிரியல்ல. அந்தப் புற்றுநோயில் சாகிற நம் பெண்களுக்குத்தான் அது முதலில் வந்துசேர வேண்டும். என் கேள்வி வேறு. ‘எனக்கு வேணாம்’ என்று சொல்ல அந்தப் பிள்ளைக்கு வழி இருந்ததா?

2013-ல் நாடாளுமன்ற நிலைக்குழு கணக்கை வெளியே வைத்தது. ஆந்திரத்தின் 9,543 படிவங்களில் 1,948-ல் கைநாட்டு. 2,763-ல் விடுதி வார்டன்களின் கையெழுத்து. பெத்தவங்க எங்கோ காட்டில் கிடக்க, சோறு போடுகிறவரே சம்மதமும் போட்டுவிட்டார். இது சோதனையே அல்ல, ‘செயல்விளக்கத் திட்டம்’ என்று வேறு சொன்னார்கள். விதிகளை மீற அது ஒரு சாக்கு என்று நிலைக்குழுவே சாடியது.

நான் வங்கிக் குமாஸ்தா. கைநாட்டு வைக்கிற கிழவி சொந்தப் பணத்தில் இருநூறு ரூபாய் எடுக்க வந்தால் போட்டோவை முகத்தோடு ஒத்துப் பார்க்கிறோம், சாட்சி கேட்கிறோம். இன்னொருத்தர் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்தால் திருப்பி அனுப்புகிறோம். இருநூறு ரூபாய்க்கு உள்ள காவல் ஒரு ஆதிவாசிச் சிறுமியின் உடம்புக்குக் கிடையாதா?

அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, மேகநோய் கண்ட 399 கறுப்பின ஆண்களை வைத்தியம் செய்யாமல் வேடிக்கை பார்த்தது அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறை. பென்சிலின் வந்த பின்னும் கொடுக்கவில்லை. அங்கே நிறம், இங்கே பிறப்பு. ஆராய்ச்சி யார் வாசலைத் தேடிப் போகிறது என்பது தற்செயல் அல்ல.

2019-ன் விதிகள் நெறிமுறைக் குழுவில் குறைந்தது ஏழு பேர் வேண்டும் என்கின்றன. அதில் ஒரு பெண், ஒரு சட்டம் தெரிந்தவர், ஒரு சாமானியர். நல்லது. அந்தச் சாமானியர் எந்தத் தெருக்காரர்? எந்தச் சனத்தின் உடம்பில் சோதனையோ, அந்தச் சனத்தின் ஆள் திட்டம் தீட்டும் நாளிலேயே ஓட்டுரிமையோடு உட்கார வேண்டும். படிவத்தை அவர்கள் பேசுகிற பேச்சில் வாசித்துக் காட்ட வேண்டும். சோறும் சம்பளமும் தருகிறவர் கையெழுத்து செல்லாது. மறுத்தவருக்கு வைத்தியத்தில் ஒரு மாத்திரைகூடக் குறையக் கூடாது.

மருத்துவம் படிக்கிற தோழர்களே, நாளைக்கு அந்தப் படிவம் உங்கள் கைக்கும் வரும். எத்தனை பேர் சம்மதித்தார்கள் என்று எண்ணாதீர்கள். எத்தனை பேர் மறுத்தார்கள் என்று கேளுங்கள். ஒருத்தர்கூட மறுக்கவில்லை என்றால் சந்தேகப்படுங்கள். அங்கே சம்மதம் இல்லை, பயம்தான் கையெழுத்துப் போட்டிருக்கும்.