மொழியை முதலில் எழுதுக

இணையத்தில் கையேடு அமைப்போர் வண்ணத்தையும் வடிவத்தையும் பற்றி நெடுநேரம் சிந்திக்கின்றனர். மொழியைக் குறிக்கும் ஒரு வரியை மறந்துவிடுகின்றனர்.

ஸ்பிங்க்ஸ் என்னும் மென்பொருளையே எடுத்துக்கொள்வோம். பைத்தான் கணினிமொழியின் கையேட்டுக்காக உருவாகி, 2008-இல் வெளிவந்தது அது. தளத்தின் பெயர், தோற்றம், மொழி ஆகியவற்றை 'கான்ஃப்.பை' என்ற ஒரே கோப்பில் அமைத்துவிடலாம். தமிழுக்கும் அங்கே இடமுண்டு. ஆனால் மொழியைக் குறிக்காமல் விட்டால், 2022-இல் வந்த ஐந்தாம் பதிப்பு முதல் அது ஆங்கிலம் என்றே கொள்ளப்படும்.

பார்ப்பவர் கண்ணுக்கு இதனால் குறையொன்றும் தோன்றாது. பார்வையற்ற மாணவரின் நிலையோ வேறு. என்.வி.டி.ஏ. போன்ற திரைவாசிப்பு மென்பொருள்கள் பக்கத்தின் மொழிக் குறிப்பைக் கொண்டு குரலை மாற்றிக்கொள்ள வல்லவை. தமிழ்ப் பக்கத்தின்மேல் ஆங்கிலம் என்ற முத்திரை இருந்தால், ஆங்கிலக் குரல் தமிழை வாசிக்க முற்பட்டுத் தடுமாறும். பாடம் அவர் செவிக்கு எட்டாது.

ஒரு வரி எழுதுவது ஒரு நிமிட வேலையன்றோ! மாணவ நண்பர்களே, நம் துறைப் பாடக்குறிப்புகளைத் தளமாக்க முனைவோர் அழகைப் பிறகு பார்க்கட்டும். மொழியை முதலில் எழுதட்டும். அனைவருக்கும் கல்வி என்பது அந்த வரியிலும் இருக்கிறது.