காசு கொடுத்தால் 'புராஜக்ட்' ரெடி! பட்டம் வாங்குவது படித்தவனா, பணம் கட்டியவனா?

மாலை நேர செங்கல்பட்டு மின்சார ரெயிலில் போய் வருகிறவர்களுக்குத் தெரியும். பொத்தேரி வந்தால் பிளாட்பாரம் முழுக்கக் கல்லூரிப் பிள்ளைகள். "என்ன படிக்கிறே தம்பி?" என்று கேட்டால், பலரும் சொல்லும் பதில் "கம்ப்யூட்டர் சயின்ஸ்".

பொத்தேரி மட்டுமா? கேளம்பாக்கம், படூர், காலவாக்கம், மேலக்கோட்டையூர் என்று மாமல்லபுரம் சாலையைச் சுற்றிலும் கல்லூரிகள்தான்.

நான் கிரைம் செய்தி எழுதுகிறவன். போலி சர்டிபிகேட் வழக்குகளைப் பார்த்தவன். ஆனால், எந்தப் போலீஸ் நிலையத்திலும் பதிவாகாத ஒரு வியாபாரம் இருக்கிறது. அதுதான் 'புராஜக்ட்' வியாபாரம்!

கடைசி வருடத்தில் மாணவன் சொந்தமாக ஆராய்ந்து, புரோகிராம் எழுதி, அறிக்கை தர வேண்டும். இதற்கென்றே சென்னையில் கடை விரித்திருக்கிறார்கள். பணத்தைக் கட்டினால் புரோகிராம் ரெடி. அறிக்கை ரெடி. 'வைவா'வில் என்ன பதில் சொல்வது என்பதும் ரெடி!

எல்லாப் பிள்ளைகளும் அப்படி அல்ல. ராத்திரி கண் விழித்து உழைப்பவர்களும் உண்டு. விலைக்கு வாங்கியவனும் அவர்களும் ஒரே மேடையில் பட்டம் வாங்குவதுதான் கொடுமை.

யார் குற்றவாளி?

மாணவனை மட்டும் கூண்டில் ஏற்றுவது நியாயம் இல்லை. 3 வருடம் கரையில் உட்கார வைத்து மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். 4-வது வருடம் திடீரென்று கடலில் தள்ளி, "நீந்து" என்கிறோம். அவன் கைக்குக் கிடைத்த கட்டையைத்தான் பிடிப்பான்!

ஆராய்ச்சி கடைசி வருடச் சடங்காக இருக்கக் கூடாது. முதல் வருடத்திலேயே தொடங்க வேண்டும்.

அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற கல்வி நிறுவனம் (நம்ம குரோம்பேட்டை எம்.ஐ.டி. அல்ல) 1969-லேயே இதற்குத் தனித் திட்டம் கொண்டு வந்தது. பட்டப்படிப்பு மாணவனும் பேராசிரியர் பக்கத்தில் நின்று ஆராய்ச்சி செய்யலாம்.

நம்ம குரோம்பேட்டையும் சளைத்தது அல்ல. 1950-களில் அங்கே படித்த அப்துல் கலாம், சக மாணவர்களோடு போர் விமானம் ஒன்றை வடிவமைத்தார். வேலை சுணங்கியது. "3 நாளில் முடி. இல்லாவிட்டால் ஸ்காலர்ஷிப் கட்" என்ற கருத்தில் எச்சரித்தார் பேராசிரியர் சீனிவாசன். கலாம் தூக்கத்தை விட்டு வரைந்து முடித்தார். சுயசரிதையில் அவரே எழுதி இருக்கிறார். அன்று விலைக்கு வாங்கக் கடை இருந்திருந்தால்?

கேள்விக்கா பஞ்சம்?

"ஆராய்ச்சிக்குத் தலைப்பு கிடைக்கலே சார்" என்கிறார்கள். தம்பி, கொஞ்சம் ஜன்னலுக்கு வெளியே பாருங்கள்!

2015 வெள்ளத்தில் முடிச்சூர் மூழ்கியது. எந்தத் தெருவில் முதலில் தண்ணீர் ஏறும் என்று கம்ப்யூட்டரால் முன்கூட்டியே சொல்ல முடியுமா? கொளவாய் ஏரி ஆண்டுதோறும் எவ்வளவு சுருங்குகிறது, எவ்வளவு விரிகிறது என்று செயற்கைக்கோள் படத்தை வைத்துக் கணக்கிட முடியுமா? மாமல்லபுரம் மீனவர் "வாடை", "கச்சான்" என்று காற்றின் பேரைச் சொன்னால், அவர் கையில் உள்ள செல்போனுக்குப் புரியுமா?

இவற்றை விலைக்கு வாங்க முடியாது. குப்பத்துக்கும் ஏரிக்கரைக்கும் நடந்து போனால்தான் விடை.

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்து விட்டது. கேட்ட மாத்திரத்தில் புரோகிராம் எழுதித் தருகிறது. இனி கடைக்குக் கூடப் போக வேண்டாம்! அப்படியானால் மாணவனிடம் மிஞ்சுவது என்ன? சரியான கேள்வி கேட்கும் மூளையும், வந்த விடை சரியா என்று சோதிக்கும் திறமையும்தான். அதைக் கற்றுத் தராத பட்டத்தை வைத்து எந்தக் கம்பெனி வாசலில் நிற்பது?

செய்ய வேண்டியது

ஒவ்வொரு வருடமும் சின்னதாக ஓர் ஆய்வு வையுங்கள். அறிக்கையின் தடிமனைப் பார்த்து மார்க் போடாதீர்கள். மாணவனை உட்கார வைத்து, "இந்த வரியை மாற்று, என்ன ஆகும் சொல்லு" என்று கேளுங்கள். உழைத்துத் தோற்றவனுக்கும் மார்க் கொடுங்கள். வழிகாட்டும் ஆசிரியருக்கு அதற்கான நேரத்தையும் ஒதுக்குங்கள்.

நிலத்தை விற்று, நகையை அடகு வைத்துப் பீஸ் கட்டும் பெற்றோர், பிள்ளை படிக்கிறான் என்று நம்பித்தான் கட்டுகிறார்கள். அந்த நம்பிக்கையை ஏமாற்றுவதும் மோசடிதான்.

கல்லூரி நிர்வாகங்கள் விழித்துக் கொள்ளுமா?