ஊர்ப் பணத்திற்கு யார் காவல்?

கல்லாவில் பணம் குறைந்தால் ஒரு வியாபாரி என்ன செய்வார்? செலவைச் சுருக்குவார், இல்லையேல் கடன் வாங்குவார். பக்கத்துக் கடைக் கல்லாவில் கைவைக்க மாட்டார். ஆனால் அரசாங்கங்கள் கைவைக்கும்! அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் நடந்ததைப் பாருங்கள்.

பாழடைந்த நகரப் பகுதிகளைச் சீரமைக்க 1945ல் அங்கு சட்டம் இயற்றப்பட்டது. ஒரு பகுதி பாழடைந்தது என்று அறிவிக்கப்பட்டதும் அதன் சொத்து வரிக் கணக்கு அன்றைய அளவோடு நிறுத்தப்படும். பிறகு கூடுகிற வரியின் பெரும்பங்கு ஊரின் மறுசீரமைப்பு அமைப்புக்குப் போகும். அதில் 20 சதவிகிதத்தை வசதி குறைந்தோரின் வீடுகளுக்கு ஒதுக்க வேண்டும் என்றும் பின்னர் விதிக்கப்பட்டது.

மாநில அரசுக்குப் பற்றாக்குறை வந்தது. 2009ல் இந்த நிதியிலிருந்து இரண்டு தவணைகளில் 205 கோடி டாலரைக் கொடுக்கும்படி உத்தரவிட்டது. கொதித்தெழுந்த நகரங்கள் மக்களிடம் போயின. 'உள்ளூர் நிதியை மாநிலம் தொடக்கூடாது' என்ற 22ஆம் முன்மொழிவை 2010 நவம்பரில் மக்கள் வாக்களித்து நிறைவேற்றினார்கள்.

வேலி போட்டாகிவிட்டது, இனிக் கவலையில்லை என்றுதானே நினைப்போம்?

இரண்டே மாதத்தில், 2011 ஜனவரியில், ஆளுநர் ஜெர்ரி பிரவுன் ஏறத்தாழ 400 அமைப்புகளையும் ஒழிக்கப் போவதாக அறிவித்தார். பணத்தைத் தொடத்தானே தடை? பணம் வைத்திருப்பவனையே இல்லாமலாக்கினால்? ஜூன் மாதம் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று அமைப்புகளைக் கலைத்தது. மற்றொன்று, பணம் கட்டினால் பிழைக்கலாம் என்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 2011 டிசம்பர் 29ல் தீர்ப்பு வந்தது: கலைத்தது செல்லும், பணம் கட்டிப் பிழைக்கும் சட்டம் செல்லாது. ஏன் செல்லாது? கட்டாயமாகப் பணம் பெறுவதை 22ஆம் முன்மொழிவு தடுக்கிறதாம்! நகரங்கள் கட்டிய வேலியே அவர்கள் தப்பிக்கும் வழியை அடைத்துவிட்டது. 2012 பிப்ரவரி 1ல் எல்லாம் கலைந்தன.

மாநில அரசு மட்டும்தான் குற்றவாளியா? நியாயமாகப் பேசுவோம். இந்த அமைப்புகள் எடுத்துக்கொண்ட வரியில் பள்ளிக்கூடங்களின் பங்கும் இருந்தது. அதை மாநிலக் கருவூலம்தான் ஈடுகட்டி வந்தது. பாம் டெசர்ட் என்ற ஊரில், சொகுசு விடுதியின் கோல்ஃப் மைதானத்தைச் சீர்செய்ய இந்த நிதி ஒதுக்கப்பட்டதை 2011ல் மாநிலக் கணக்கு அதிகாரியின் ஆய்வு சுட்டிக்காட்டியது. கோல்ஃப் மைதானமா பாழடைந்த பகுதி? அதற்கும் முன்னர், சான் பிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் பகுதியில் சீரமைப்பு என்ற பெயரால் கறுப்பின மக்களின் வீடுகளும் கடைகளும் இடிக்கப்பட்டன. கடையை இழந்த சிறு வியாபாரி எந்த நம்பிக்கையில் இந்த நிதிக்காகக் குரல் கொடுப்பான்?

தவறு செய்தவர்களைத் தண்டித்திருக்கலாம், விதிகளை இறுக்கியிருக்கலாம். மாறாக எல்லாவற்றையும் கலைத்தார்கள். கலைத்ததில் ஆண்டுக்குச் சுமார் 100 கோடி டாலர் வீட்டு வசதி நிதியின் ஊற்றும் அடைபட்டது. கோல்ஃப் ஆடியவருக்கு அதனால் நஷ்டமில்லை. வாடகை கொடுக்க வழியில்லாதவனுக்குத்தான் நஷ்டம்.

இளைஞர்களே, வியாபாரப் பெருமக்களே! பொதுப்பணத்திற்குச் சட்டம் மட்டும் காவலாகாது. அந்தப் பணத்தால் பயன்பெற்ற மக்களே அதற்குக் காவல். பயன் அவர்களைச் சேராவிட்டால், பறிபோகும் நாளில் கேட்க நாதியிருக்காது. உங்கள் ஊரின் பெயரால் செலவாகும் பணத்திற்குக் கணக்குக் கேளுங்கள். பறிபோன பிறகல்ல, இப்போதே கேளுங்கள்!